மகன் வீட்டிலிருந்தால் தந்தையின் உதவித்தொகை நின்றுவிடுமா?

வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது

கிராமப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடம் மக்கள் கொண்டுவரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை சாலை, குடிநீர், தெருவிளக்கு, வடிகால் ஆகியவற்றைப் பற்றியவை. மதிப்பீடு தயாரித்து நிதி ஒதுக்கினால் அவை நிறைவேறிவிடும். ஆனால் நிதியால் மட்டும் தீராத கேள்வி ஒன்றும் அடிக்கடி வருகிறது. விபத்திலோ நோயிலோ கை, கால், கண் இவற்றின் வன்மையை இழந்த ஒரு தந்தையோ தாயோ பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்து, "எனக்கு மகன் இருக்கிறான், என்னோடுதான் இருக்கிறான். எனக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைக்குமா?" என்று கேட்பதே அது.

ஊரில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளை இருக்கிறவருக்குப் பென்ஷன் எதற்கு?" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்த விடை சரியானதன்று. இதனால் இருவகைத் தீங்கு நேர்கிறது. தகுதியுள்ளவர் பலர் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகின்றனர், இது ஒன்று. உதவித்தொகைக்காகக் குடும்ப அட்டையைப் பிரித்து, மகன் வேறு வீட்டில் இருப்பதாகக் காகிதத்தில் காட்டி, நாளடைவில் அந்தப் பிரிவினை உண்மையாகவே நிலைத்துவிடுவது மற்றொன்று. இரண்டாவது தீங்கு முதலாவதினும் பெரிது.

உதவித்தொகை வழங்குவது வருவாய் இலாகாவின் பணி. வட்டார அலுவலகத்தின் பணி அன்று. எனினும் 1992-ம் ஆண்டின் 73-வது அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில், 26-வது இனமாக, ஊனமுற்றோர் நலன் உள்ளிட்ட சமூக நலம் பஞ்சாயத்துகளுக்குரிய பொருள்களில் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. ஆதலின் இவ்விஷயத்தில் விதி என்ன என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரே அடுப்பு, பல வருமானம்

சீவலப்பேரியை எடுத்துக்கொள்வோம். சிற்றாறு தாமிரபரணியோடு வந்து கலக்கும் இடத்தில், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே அமைந்துள்ள ஊர் இது. முக்கூடற்பள்ளு என்னும் நூலில் வரும் முக்கூடல் இதுவே. காரும் பிசானமும் விளையும் நஞ்சையும், வாழைத் தோட்டங்களும் கொண்ட தாமிரபரணிக் கரை ஊர்களில் குடும்பங்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பது நாம் அறிந்ததே. நிலம் பாகம் பிரியாமல் தந்தை பெயரிலேயே பட்டாவில் இருக்கும். பயிர் செய்பவர் மூத்த மகனாக இருப்பார். இளைய மகன் திருப்பூரிலோ சென்னையிலோ கோயமுத்தூரிலோ வேலை பார்த்து, கோயில் கொடைக்கும் அறுவடைக்கும் வந்துபோவார். மகள் வீட்டிலிருந்து பீடி சுற்றுவார். அடுப்பு ஒன்று, குடும்ப அட்டை ஒன்று. வரும் பணத்தில் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது இத்தகைய வீட்டில் வழக்கமில்லை.

சட்டமோ அவ்வாறு சேர்த்துப் பார்ப்பதில்லை. சில திட்டங்கள் மனிதரைத் தனியாகப் பார்க்கின்றன. வேறு சில குடும்பத்தை ஓர் அலகாகப் பார்க்கின்றன. எந்தத் திட்டம் எவ்வாறு பார்க்கிறது என்பதை அறிந்துகொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

பழைய விதியின் நிழல்

"மகன் இருந்தால் கிடையாது" என்னும் எண்ணம் வெறும் வதந்தியாகத் தோன்றியதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. நம் நாட்டில் முதியோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் திட்டத்தை 1957-ம் ஆண்டில் உத்தரப் பிரதேசம் முதன்முதலாகத் தொடங்கியது. நம் ராஜ்யத்தில் அத்திட்டம் 1962 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று அளிக்கப்பட்ட தொகை மாதம் 20 ரூபாய். அரசாங்கத்தின் கையிலிருந்த நிதி சிறிது; வேண்டுவோர் தொகை பெரிது. ஆகவே முற்றிலும் ஆதரவற்றோர்க்கு மட்டுமே கொடுக்க இயன்றது. தாங்கக்கூடிய வயது வந்த மகனோ மகன்வழிப் பேரனோ இருப்பவர் ஆதரவற்றவர் அல்லர் என்பதே அக்காலத் திட்டங்களின் பொதுவான இலக்கணம். வழக்கத்தால் தாங்கக் கடமைப்பட்டவர் இருக்கையில் சர்க்கார் தாங்க வேண்டுவதில்லை என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது.

ஊனமுற்ற ஏழைகளுக்கென்று தனித் திட்டம் நம் ராஜ்யத்தில் 1974-ல் ஏற்பட்டது. அதன் பெயரிலும் "ஆதரவற்ற" என்ற சொல் இருந்தமையால், முதியோர் திட்டத்தின் இலக்கணம் மக்கள் மனத்தில் இதற்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் விதிகள் காலந்தோறும் தளர்த்தப்பட்டன. ஆயினும் ஊர்ப் பேச்சு பழைய விதியிலேயே நின்றுவிட்டது.

1962-க்கும் இன்றைக்கும் இடையே நிகழ்ந்த பெரிய மாறுதல் ஒன்று உண்டு. 2007-ல் இந்தியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்றது. அதன் வழியே 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 24-வது பிரிவு மாற்றுத்திறனாளிகளின் சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. பிறருக்கு அளிக்கப்படும் அதே வகையான உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கும் உதவி குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருத்தல் வேண்டும் என்று அது கூறுகிறது. உடல் ஊனத்தோடு வாழ்வதற்கே தனியாகச் செலவு ஆகும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். மகன் வீட்டில் இருப்பதால் அச்செலவு இல்லாமற் போய்விடாது.

நம் ராஜ்யத்தில் வருவாய் இலாகாவின் வழியே உதவி பெற்ற 4,39,315 மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாயாக இருந்த மாதத் தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் முதியோர் தொகை 1,200 ரூபாய் ஆயிற்று. 1,200-ன் மேல் 25 சதவீதம் கூட்டினால் 1,500 வருவதை வாசகர்கள் கவனிக்கலாம். அறுபது வயது கடந்த ஊனமுற்ற ஒருவர் எந்தத் திட்டத்தில் விண்ணப்பம் செய்வது நலம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

மூன்று வழிகள்

இன்று ஊனமுற்ற பெற்றோர் ஒருவர் மாத உதவி பெறுவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. வீட்டிலிருக்கும் வயது வந்த மக்கள் ஒவ்வொன்றிலும் எவ்வாறு கருதப்படுகின்றனர் என்பதைக் காண்போம்.

முதலாவது, மத்திய அரசாங்கத்தின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம். 2009-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்திட்டம் 80 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள, 18 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு உரியது. விண்ணப்பதாரரின் குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பமாக இருத்தல் வேண்டும். இங்கே கவனிக்கப்படுவது குடும்பமே. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் வாழும் மகனின் வருமானம் குடும்பத்தை வறுமைக்கோட்டுக்கு மேலே கொண்டுசென்றால், தந்தை இவ்வழியில் தகுதி இழக்கக்கூடும். அதாவது, மகனின் வருமானம் இங்கே மறைமுகமாகக் கணக்கில் வருகிறது. மகன் இருப்பது மட்டும் தடையன்று. அவனால் குடும்பம் வறுமை நீங்கியதா என்பதே கேள்வி.

இரண்டாவது, நம் ராஜ்ய அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம். 18 வயது நிரம்பி, 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள ஏழைகளுக்கு இது உரியது. அரசாங்கம் வெளியிட்டுள்ள தகுதிகளில் காணப்படுவன வயது, ஊனத்தின் அளவு, விண்ணப்பதாரரின் வறுமை ஆகியவையே. "வயது வந்த மகன் இருத்தல் கூடாது" என்பது அவற்றில் இல்லை. முதல் வழியில் தகுதி பெறாதவர் இவ்வழியில் தகுதி பெறலாம். இதைப் பலர் அறியார். 80 சதவீதம் இல்லை என்றோ, வறுமைப் பட்டியலில் பெயர் இல்லை என்றோ கேட்டவுடன் மனந்தளர்ந்து திரும்பிவிடுகின்றனர்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மகன் நிலையான உத்தியோகத்தில் இருந்து, தக்க வருமானத்தோடு பெற்றோரை நன்கு பராமரித்து வருகிறானாயின், விசாரணை செய்யும் அலுவலர் விண்ணப்பதாரரின் வறுமையைப் பற்றி எழுதும்போது அதனையும் குறிப்பிடுதல் இயல்பு. ஆனால் கூலி வேலை செய்து, தன் மனைவி மக்களைக் காப்பாற்றவே திணறும் மகன் உடன் இருப்பதை ஒரு காரணமாகக் காட்டி மனுவைத் தள்ளுவது முறையன்று. "மகன் இருக்கிறான்" என்பது ஒரு செய்தி. "பெற்றோர் ஏழையல்லர்" என்பது ஒரு முடிவு. முன்னதிலிருந்து பின்னது தானே வந்துவிடாது.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் நல இலாகா வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர், அறிவுசார் குறைபாடுடையவர், தசைச் சிதைவு நோயுற்றவர், தொழுநோயால் ஊனமடைந்தவர் போன்றோருக்கு இது உரியது. ஊனத்தின் வகையும் கடுமையுமே இதற்கு அடிப்படை. படுக்கையிலேயே வாழும் ஒருவருக்குப் பணிவிடை செய்ய வீட்டில் மகனோ மகளோ இருந்தே ஆகவேண்டும். இவர்கள் இருப்பதையே தடையாகக் கொள்வது திட்டத்தின் நோக்கத்துக்கே மாறானதாகும். 2016-ம் ஆண்டின் சட்டமும் "பராமரிப்பவர்" என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறுகையில், ஊதியம் பெற்றோ பெறாமலோ பணிவிடை செய்யும் குடும்பத்தினரையும் அதில் சேர்த்திருக்கிறது.

ஓர் உதாரணம்

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தைக்கு வயது 52. தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பிலும் காலிலும் அடிபட்டவர். மருத்துவக் குழு 60 சதவீத ஊனம் என்று சான்று அளித்துள்ளது. மகனுக்கு வயது 26. வாடகைக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு. யாவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர்.

முதல் வழி இவருக்குத் திறவாது. ஊனம் 80 சதவீதத்துக்குக் குறைவு. மகன் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது வழியில் வயதும் ஊனத்தின் அளவும் பொருந்துகின்றன. அவருக்குச் சொந்த வருமானம் இல்லை. ஆட்டோ வாடகை, டீசல், குழந்தையின் பால், தந்தையைப் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் செலவு ஆகியவை போக மகன் கையில் மிஞ்சுவது சொற்பம். தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் அவனுக்கு வாடகையும் இல்லை. இந்தக் குடும்பத்தின் உண்மை நிலையை உள்ளவாறே எடுத்துக் கூறினால் தந்தையின் மனு ஏற்கப்படுவதற்கு நியாயம் உண்டு. மகனை மறைக்கவேண்டிய தேவை எங்கும் இல்லை.

இதே வீட்டில் தாய்க்கு இரு கண்ணும் பார்வை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஊனம் 80 சதவீதத்துக்கு மேல். குடும்பம் வறுமைப் பட்டியலில் இருந்தால் முதல் வழி. இல்லாவிட்டால் இரண்டாவது வழி. எந்த வழியில் அனுமதிப்பது என்பதை வருவாய் இலாகா முடிவு செய்யும். மத்திய அரசாங்கத்தின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். மீதியை ராஜ்ய அரசாங்கமே சேர்த்துக் கொடுக்கிறது. பெறுகிறவர் கையில் வரும் தொகையில் வேறுபாடு இல்லை.

பிற நாடுகள் கற்ற பாடம்

வயது வந்த மக்களின் வருமானத்தைப் பெற்றோரின் உதவியிலிருந்து கழித்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் தக்க சான்று. 1931-ல் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது, 26 வாரங்களுக்கு மேல் வேலையின்றி இருந்தவர்களுக்கு உதவி அளிக்கும் முன் வீட்டிலுள்ள எல்லோருடைய வருமானத்தையும் கணக்கெடுக்கும் முறை அங்கே புகுத்தப்பட்டது. மகனோ மகளோ ஆலைக்குச் சென்று கூலி ஈட்டினால் தந்தையின் உதவி குறைந்தது. குடும்பத்தலைவன் தன் மகனின் கூலியில் உண்ணவேண்டிய நிலை வந்தது. தந்தையின் உதவி குறையாதிருக்க இளைஞர்கள் வீட்டை விட்டு வெளியேறி வேறிடங்களில் தங்கலாயினர். மக்களின் கடும் வெறுப்புக்கு உள்ளான அம்முறை 1941-ல் ஒரு சட்டத்தால் நீக்கப்பட்டு, உதவி கோருபவரின் சொந்தத் தேவையும் அவரைச் சார்ந்தோரின் தேவையும் மட்டுமே கவனிக்கப்படலாயின. இன்றும் அந்நாட்டில் வாடகை உதவி பெறும் பெற்றோருடன் வயது வந்த மக்கள் வசித்தால் ஒரு தொகை கழிக்கப்படுவதுண்டு. எனினும் பெற்றோர் குறிப்பிட்ட சில ஊன உதவிகளைப் பெறுபவராயின் அவ்வாறு கழிப்பதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வறிய முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் உதவும் மத்தியத் திட்டம், நம் ராஜ்யத்தின் திட்டம் பிறந்த அதே 1974-ல் தொடங்கியது. அங்கே மகனின் சம்பளம் பெற்றோரின் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் பிறர் வீட்டில் தங்கி உணவும் இடமும் இலவசமாகப் பெறுகிறவருக்கு உதவியில் மூன்றிலொரு பங்கு குறைக்கப்பட்டு வந்தது. மகன் வீட்டில் தாய் உண்ணும் சோறுகூட வருமானமாக எண்ணப்பட்டது என்றால் நம்மவர் வியப்படைவர். 2024 செப்டம்பர் 30 முதல் உணவைக் கணக்கில் சேர்ப்பதை அந்நாடு கைவிட்டது.

நம் நாட்டிலும் இதே திருத்தம் நிகழ்ந்திருக்கிறது. குஜராத்தில் விதவையின் மகனுக்கு 21 வயது நிரம்பினால் அவளது உதவித்தொகை நிற்கும் என்ற விதி இருந்தது. அது 2019-ல் நீக்கப்பட்டது. குடும்பத்தைச் சேர்ந்து வாழவிடாத விதி நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதே இவையாவும் காட்டும் உண்மை.

குடும்ப அட்டையைப் பிரிக்கலாமா?

உண்மையாகவே மகன் தனிக்குடித்தனம் சென்று, தனி அடுப்பு வைத்து வாழ்வானாயின் தனி அட்டை பெறுவது அவன் உரிமை. ஆனால் உதவித்தொகைக்காக மட்டும், ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டே, பிரிந்து வாழ்வதாகக் காட்டுவது வேறு.

அது முதலாவதாகத் தேவையற்றது. மேலே கூறியபடி, மகன் உடன் வாழ்வது ராஜ்யத் திட்டத்தில் தடையன்று. இரண்டாவதாக அது பொய். பின்னர் விசாரணையில் வெளிப்பட்டால் உதவித்தொகை நிறுத்தப்படுவதோடு, நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மூன்றாவது காரணமே முக்கியமானது. காகிதத்தில் பிரிந்த குடும்பம் மனத்திலும் பிரியத் தொடங்கும். "அப்பாவுக்குத் தனி அட்டை, தனிப் பென்ஷன் இருக்கிறதே" என்ற பேச்சு வரும். பக்கத்து அறையில் இருந்த தந்தை திண்ணைக்கும், திண்ணையிலிருந்து தொழுவத்தின் ஓரத்துக்கும் போவதற்கு அதிகக் காலம் ஆகாது. மாதம் 1,500 ரூபாய் ஒரு மனிதனைத் தனியே வாழவைக்கப் போதுமான தொகை அன்று. நடக்க இயலாத தந்தையை எழுப்பி உட்காரவைப்பதும், பார்வை இழந்த தாயின் தட்டில் சோறிடுவதும் உடன் வாழும் மக்களாலேயே ஆகும்.

நிலத்தை எழுதிக் கொடுக்குமுன்

"நிலம் உங்கள் பேரில் இருந்தால் கிடைக்காது, பிள்ளைக்கு எழுதிவைத்துவிட்டு மனுப் போடுங்கள்" என்று ஆலோசனை கூறுவோரும் உண்டு. விண்ணப்பதாரரின் சொத்து பார்க்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் இவ்வாலோசனை மிகவும் ஆபத்தானது. மாதம் 1,500 ரூபாய்க்காக, ஆயுள் முழுதும் தாங்கக்கூடிய நஞ்சையைக் கைவிடுவது கணக்கும் அன்று, விவேகமும் அன்று.

2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-வது பிரிவு, எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற ஒரு வழி தருகிறது. ஆனால் அவ்வழி 60 வயது நிரம்பியவர்க்கே உரியது. பெற்றவர் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்து கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், முதியோரின் நன்மையை நாடும் இச்சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறியுள்ளது. எனினும் வழக்குக்குப் போய் மீட்பதைவிட முதலிலேயே எச்சரிக்கையாயிருப்பது நன்று. எழுதிக் கொடுத்தே தீரவேண்டுமாயின், ஆயுட்காலம் வரை உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகியவற்றை அளிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும்.

பிள்ளைகளின் கடமை நீங்குவதில்லை

தந்தைக்கு உதவித்தொகை வந்துவிட்டால் தன் பொறுப்புத் தீர்ந்தது என்று எண்ணும் மக்களும் உண்டு. சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம், தளர்ந்த பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே விதிக்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இக்கடமை இருந்தது. மணமான மகளும் இதற்குக் கட்டுப்பட்டவளே என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை முதல் அவ்விதி புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144-வது பிரிவாக விளங்குகிறது.

2007-ம் ஆண்டின் சட்டத்தில் "பெற்றோர்" என்பதற்கு வயது வரம்பு இல்லை. 52 வயதான ஊனமுற்ற தந்தையும், தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாதவராயின், அதன்படி மனுச் செய்யலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். அறிவிப்புச் சார்வு செய்யப்பட்டதிலிருந்து 90 நாட்களுக்குள் மனுவை முடிக்கவேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது.

ஆகவே இரண்டு கடமைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று அரசாங்கத்தினுடையது, அரசியலமைப்பின் 41-வது ஷரத்து, முதுமையிலும் நோயிலும் ஊனத்திலும் பொது உதவி அளிக்குமாறு அரசாங்கத்துக்கு வழிகாட்டுகிறது. மற்றது மக்களுடையது. மகன் இருப்பதைக் காட்டி அரசாங்கத்தின் கடமையையோ, உதவித்தொகை வருவதைக் காட்டி மகனின் கடமையையோ தள்ளிவிட இடமில்லை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. முதலில் ஊனச் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் பெறச் செய்யவேண்டும். சதவீதம் எழுதப்படாத பழைய மருத்துவச் சீட்டுகள் பயன்படா. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் முகாம் தேதியை முன்கூட்டியே அறிந்து ஒலிபெருக்கி மூலம் தெரிவிக்கலாம்.

2. விண்ணப்பம் இ-சேவை மையத்தின் வழியே தாலுக்கா அலுவலகத்துக்குச் செல்லும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவர். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு பிறப்பிப்பார். ஆதார், குடும்ப அட்டை, ஊனச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் தயாராக இருக்கட்டும்.

3. விசாரணையின்போது வீட்டில் யார் யார் இருக்கின்றனர், யாருக்கு என்ன வருமானம், மருத்துவத்துக்கு என்ன செலவு என்பவற்றை உள்ளபடியே கூறுமாறு குடும்பத்தாருக்குச் சொல்லவேண்டும். மகனை மறைப்பதைவிட மகனின் செலவுகளை எடுத்துரைப்பதே பயன் தரும்.

4. மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். "மகன் உள்ளார்" என்பது மட்டுமே காரணமாயின், விண்ணப்பதாரரின் உண்மை நிலையை விளக்கி மீண்டும் மனுச் செய்யலாம். திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம்.

5. கிராம சபைக் கூட்டங்கள் இன்று ஆண்டுக்கு ஆறு முறை நடைபெறுகின்றன. அவற்றில் ஒன்றிலேனும் ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் பட்டியலைப் படித்து, யார் யாருக்கு உதவி கிடைக்கவில்லை என்று பார்ப்பது நலம். உதவி பெறுவோர் பட்டியலை மட்டும் படித்தால் விடுபட்டவர் யார் என்பது தெரியவராது.

6. கிராமப் பஞ்சாயத்து ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை அங்கத்தினராக நியமிக்க வகைசெய்யும் சட்டத் திருத்தத்தை 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. இவ்வாறு வரும் அங்கத்தினரை இப்பணியில் முன்னிறுத்துதல் பொருத்தமாகும்.

7. பெற்றோரைக் கைவிட்ட மக்களை ஊர்ப் பெரியவர்கள் முதலில் அழைத்துப் பேசலாம். பேச்சு பயன்படாதபோது கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்கு மனு எழுத உதவவேண்டும். உதவித்தொகை மனுவை அதற்காக நிறுத்திவைக்கலாகாது. இரண்டும் ஏககாலத்தில் நடைபெறலாம்.

ஊனமுற்ற ஒரு தந்தைக்குச் சொந்தமென்று ஒரு சிறு வருமானம் இருப்பது அவரது மதிப்பைக் காக்கிறது. மருந்துக்கும் வெற்றிலைக்கும் பேரக் குழந்தையின் கையில் வைக்கும் ஐந்து ரூபாய்க்கும் அவர் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மகனோடு ஒரே வீட்டில் வாழ்வதற்கு அவர் இந்த மதிப்பை விலையாகக் கொடுக்கும்படி எந்த விதியும் கேட்கவில்லை. இதை ஊரறியச் சொல்லவேண்டிய பொறுப்புப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுடையது. அடுத்த முறை அக்கேள்வியோடு ஒருவர் உங்கள் வாசலுக்கு வரும்போது, மகனைப் பற்றிக் கேட்குமுன் அவரது ஊனச் சான்றில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப உடன் இருந்து உதவுங்கள்.